நம்ம அட்வான்ஸ் அடுத்து குடிவர்றவர் பாக்கெட்ல இருக்கு

டெய்லி காலண்டர்ல ஒரு தாளைக் கிழிச்சு, அதோட பின்பக்கத்துல பென்சிலால கணக்கு போட்டுட்டு இருந்தார் ஓனர் அங்கிள். ஆன்ட்டி ஒவ்வொரு ரூமா போய் குழாயைத் திறந்து மூடிப் பாத்துட்டு, அங்கேருந்தே சத்தமா சொல்றாங்க, இவர் எழுதிக்கிறார். "கிச்சன் குழாய் ஒழுகுது." 850. "பாத்ரூம் தாழ்ப்பா ஆடுது." 300. "ஹால் சுவத்துல ரெண்டு ஆணி, கிச்சன்ல ரெண்டு." கிச்சன்ல இருந்த ரெண்டும் நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்ததுன்னு சொன்னேன். அங்கிள் நிமிர்ந்து பாத்து, "அதெல்லாம் பெயின்டிங்ல போயிடும் தம்பி"ன்னார். பெயின்டிங் 18,000. க்ளீனிங் 1,500. ஈபி 2,400. கூட்டினா 23,050. நான் குடுத்திருந்த அட்வான்ஸ் 1,40,000, ஆக பாக்கி 1,16,950ன்னு கீழ கோடு போட்டு எழுதி தாளை என் கையில குடுத்துட்டு, அடுத்து அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்: "அடுத்த ஆள் வரட்டும் தம்பி, வந்ததும் மொத்தமா குடுத்துடறேன்."

சென்னையில வீடு மாத்தின யாருக்கும் இந்த வரி புதுசு இல்ல. கேட்டதும் நமக்கு கோவம்தான் வரும், ஏமாத்தப் பாக்கறாங்கன்னு தோணும். சில பேர் நிஜமாவே ஏமாத்தறாங்க, அது வேற கதை. ஆனா பெரும்பாலான ஓனர்கள் இதைச் சொல்றப்ப பச்சை உண்மையைத்தான் சொல்றாங்க. அந்தப் பணம் அவங்ககிட்ட இல்ல. நாம குடுத்த அன்னைக்கே அதுல பாதி, முன்னாடி இருந்தவருக்குப் போயிருக்கும், மீதி மொட்டை மாடி ஒழுகலுக்கோ பொண்ணு கல்யாணத்துக்கோ பேங்க் லோனுக்கோ போயிருக்கும். நமக்குத் திரும்பி வரவேண்டிய பணம் இனிமே குடிவரப்போற, இன்னும் டோ-லெட் போர்டையே பாக்காத யாரோ ஒருத்தரோட அக்கவுன்ட்ல இருக்கு. அட்வான்ஸ்னா ஓனர் பத்திரமா எடுத்து வச்சிருக்கற பணம்னு நினைச்சுட்டு இருந்தா இதுல நடக்கிற எதுவும் புரியாது. சுத்துல ஓடிக்கிட்டே இருக்கற பணம்னு எடுத்துக்கிட்டா, ஏன் லேட் ஆகுது, ஏன் பெயின்டிங் பேர்ல பிடிக்கறாங்க, எந்த மாசம் காலி பண்ணலாம், எப்ப சாவி குடுக்கலாம்னு எல்லாத்துக்கும் ஓரளவு கணக்கு பிடிபடும்.

முதல்ல இந்த பத்து மாச அட்வான்ஸ் விஷயம். டெல்லி மாதிரி ஊர்ல ரெண்டு மாச வாடகை குடுத்து உள்ள போயிடலாம். சென்னையிலயும் பெங்களூருலயும் ரொம்ப வருஷமா பத்து மாசம்னு ஒரு வழக்கம், இப்ப கொஞ்சம் இறங்கி அஞ்சு ஆறுன்னு கேக்கறாங்க, நல்ல ஏரியான்னா இன்னும் பத்துதான். இதுல காமெடி என்னன்னா, தமிழ்நாட்டுல 1960ல வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அட்வான்ஸா ஒரு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாதுன்னே சொல்லிச்சு. ஊரே பத்து மாசம் வாங்கிட்டு இருந்தப்பவும் அந்த ஒரு மாச விதி பேப்பர்ல அப்படியே இருந்திச்சு.

அதைத் தூக்கிட்டு புதுசா ஒரு சட்டம் கொண்டுவந்தாங்க, நில உரிமையாளர் வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017. அமலுக்கு வந்தது 22 பிப்ரவரி 2019. அட்வான்ஸ் பத்தி இதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, மூணு மாச வாடகைக்கு மேல டெபாசிட் வாங்கறது சட்டவிரோதம், ஆனா ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் பண்ணிக்கிட்டா அது தனி. அதாவது முன்வாசலைப் பூட்டிட்டு பின்வாசலைத் திறந்து வச்ச மாதிரி, அக்ரிமென்ட்ல ஆறு மாசம்னு எழுதி நீங்க கையெழுத்து போட்டுட்டா ஆறு மாசம்தான். ரெண்டாவதுதான் நமக்கு உபயோகமானது: வீட்டைக் காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, நாம குடுக்கவேண்டிய பாக்கி ஏதாவது இருந்தா அதைக் கழிச்சுட்டு டெபாசிட்டைத் திருப்பித் தரணும். அடுத்த ஆள் வந்தாலும் வராட்டியும் ஒரு மாசம்தான் கெடு. 2021ல மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம் இன்னும் ஒரு படி மேல போய், குடியிருக்கற வீட்டுக்கு ரெண்டு மாசம்தான் டெபாசிட்னும் வீட்டை ஒப்படைக்கறப்பவே பணத்தைத் தரணும்னும் சொல்லுது, ஆனா அது பேரைப் போலவே மாதிரிதான், அந்தந்த மாநிலம் எடுத்துக்கிட்டாதான் உண்டு.

நான் காலி பண்ணினப்ப இந்த ஒரு மாசக் கெடு எனக்கே தெரியாது. அங்கிளுக்கும் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. அவர் கைல இருந்தது நான் 2017ல கையெழுத்து போட்ட 20 ரூபா ஸ்டாம்ப் பேப்பர் அக்ரிமென்ட், பதினோரு மாசத்துக்கு. அதை அதுக்கப்புறம் புதுப்பிக்கவே இல்ல, வாடகை மட்டும் 14,000த்துலேர்ந்து 18,000க்கு வாய்வார்த்தையா ஏறிச்சு. ஏன் எப்பவும் பதினோரு மாசம்னு கேட்டா, ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகைன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதியணும், அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான். புதுச் சட்டப்படி பாத்தா பதினோரு மாசமோ எத்தனை மாசமோ, எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்துல இருக்கணும், ரென்ட் அத்தாரிட்டின்னு இதுக்குன்னே இருக்கற அதிகாரிகிட்ட பதிஞ்சு நம்பர் வாங்கணும், அதுக்கு ஆன்லைன் போர்ட்டலே இருக்கு. எத்தனை பேர் பண்றாங்கன்னு உங்க அபார்ட்மென்ட்ல நாலு வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுப் பாருங்க.

சரி, பணம் உண்மையில எப்படி சுத்துதுன்னு என் கணக்கையே வச்சுப் பாக்கலாம். 1,40,000 ரூபாயை நான் பேங்க்ல எஃப்டி போட்டு வருஷத்துக்கு ஏழு பர்சென்ட் வாங்கியிருந்தா 9,800 ரூபா வந்திருக்கும். அதாவது மாசம் 800 ரூபாக்கு மேல நான் வாடகையோட சேத்து கண்ணுக்குத் தெரியாம கட்டிட்டு இருந்திருக்கேன். ஆறு வருஷம். அட்வான்ஸுக்கு யாரும் வட்டி தர்றதில்ல, கேக்கறதும் இல்ல, கேட்டா வீடே கிடைக்காது. ஓனர் பக்கம் இது வட்டியில்லாக் கடன், திருப்பிக் குடுக்கற தேதியை அவரே முடிவு பண்ற கடன். இந்த அமைப்பை இன்னும் முத்தவிட்டா வர்றதுதான் நம்ம ஊர் லீஸ், சில ஊர்ல ஒத்தி, போக்கியம்னு சொல்வாங்க. மாச வாடகையே கிடையாது, மொத்தமா அஞ்சு லட்சமோ பத்து லட்சமோ குடுத்துட்டு உக்காந்துக்கறது, போறப்ப முழுசா வாங்கிட்டுப் போறது. ஆசையா இருக்கும். ஆனா அந்தப் பணத்தைத் திருப்பணும்னா ஓனருக்கு அதே அளவு பணம் குடுக்கற அடுத்த லீஸ் ஆள் வேணும். அவர் கிடைக்கலைன்னா காலி பண்ணவும் முடியாம, பணமும் வராம அங்கேயே கிடக்கவேண்டியதுதான். பதியாத லீஸ்ல லட்சக்கணக்குல குடுத்துட்டு, அப்புறம் அந்த வீடு ஏற்கனவே பேங்க்ல அடமானம்னு தெரிஞ்சு நிக்கறவங்க உண்டு. வில்லங்கச் சான்று போட்டுப் பாக்காம லீஸுக்குப் போறதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பணம் அடுத்த ஆள்கிட்டேருந்து வரணும்னா அடுத்த ஆள் எப்ப வருவார்ங்கறது முக்கியம் ஆயிடுதில்ல, அங்கதான் காலண்டர் உள்ள வருது. நான் காலி பண்ணினது ஜூன் 30, 2023. ஜூலை நடுவுல ஆடி பொறந்திடும். ஆடியில யாரு பால் காய்ச்சுவாங்க? வீடு பாக்கக்கூட வரமாட்டாங்க, வந்தாலும் "ஆவணியில வர்றோம், அதுவரைக்கும் வாடகை போடாதீங்க"ன்னு பேசுவாங்க. மார்கழியும் அப்படித்தான். ஸ்கூல் தொறந்ததுக்கு அப்புறம் குழந்தைங்க இருக்கற குடும்பம் நகராது, அதனால ஏப்ரல், மே, ஜூன் முதல் வாரம்தான் வீடு சட்டுனு கைமாறும் காலம், அடுத்து தை. நான் மே கடைசியில நோட்டீஸ் குடுத்தேன், அது என் தப்பு. ஏப்ரல்லயே சொல்லியிருந்தா நான் உள்ள இருக்கறப்பவே அடுத்தவங்க வந்து பாத்து, டோக்கன் அட்வான்ஸ் குடுத்து, நான் சாவி குடுக்கற அன்னைக்கே பணமும் கைக்கு வந்திருக்கும். ஓனருக்கு உதவறதா நினைக்காதீங்க, வீடு பாக்க ஆள் வந்தா கதவைத் திறந்து விடுங்க, துணியெல்லாம் மடிச்சு வச்சு வீட்டைப் பாக்கற மாதிரி வைங்க, தெரிஞ்சவங்க யாராவது வீடு தேடினா நீங்களே கூட்டிட்டு வாங்க. வசூல் ஆகப்போறது உங்க பணம்.

லேட் ஆனா வலி எங்கன்னா, நாம புது வீட்டுக்கு முதல்ல அட்வான்ஸ் கட்டணும், பழைய வீட்டுலேர்ந்து அப்புறம்தான் வரும். ஒரே நேரத்துல ரெண்டு அட்வான்ஸ் வெளியில நிக்கும். எனக்குப் புது வீட்டுக்கு 20,000 வாடகை, அஞ்சு மாசம், ஒரு லட்சம். கையில இருந்தது 30,000. என் வீட்டம்மா கழுத்துச் செயின் அடகுக்குப் போய் 70,000 வந்திச்சு, மாசம் நூத்துக்கு ஒரு ரூபா வட்டி. ரெண்டு மாசம் கழிச்சு மீட்டேன், 1,400 ரூபா வட்டி. தொகை பெருசில்ல. ஆனா அடகுக் கடையில க்யூல நிக்கறப்ப நான் என் சொந்தப் பணத்துக்கே வட்டி கட்டறேன்னு ஒரு நினைப்பு வரும் பாருங்க, அது நல்லா இருக்காது.

இப்ப கழிவு. அங்கிளோட லிஸ்ட்ல பெரிய தொகை பெயின்டிங். ஒரு மாச வாடகையை பெயின்டிங்னு பிடிச்சுக்கறது சென்னையில கிட்டத்தட்ட வேத வாக்கு. புதுச் சட்டத்தோட ரெண்டாவது அட்டவணையில ரிப்பேர் வேலையைப் பங்கு பிரிச்சு வச்சிருக்காங்க. சுவத்துக்கு வெள்ளையடிக்கறது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், பைப் லைன் மாத்தறது, வயரிங், கட்டட ரிப்பேர் இதெல்லாம் ஓனர் பொறுப்பு. குழாயும் அதோட வாஷரும், சாக்கடை அடைப்பு, வாஷ்பேசின், கீஸர், சுவிட்ச், பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் குடியிருக்கறவங்க பொறுப்பு. அதுப்படி பாத்தா கிச்சன் குழாய் 850ம் தாழ்ப்பா 300ம் என் கணக்குதான், நியாயம். பெயின்டிங் அவர் கணக்கு. ஆனா இங்கயும் பழைய பின்வாசல் இருக்கு, அட்டவணைப்படி அல்லது ஒப்பந்தத்துல ஒத்துக்கிட்டபடின்னுதான் சட்டத்துல இருக்கு. அக்ரிமென்ட்ல காலி பண்ணறப்ப ஒரு மாச வாடகை பெயின்டிங்குக்குக் கழிக்கப்படும்னு ஒரு வரி எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். என்னுதுல எட்டாவது பாயின்ட். அந்த வரியைப் பத்தி பேசவேண்டிய நேரம் உள்ள வர்றப்ப, வெளிய போறப்ப இல்ல.

அப்படியும் நான் வெறும் கையோட நிக்கல. அந்த வரியில இருந்தது "ஒரு மாத வாடகை", அக்ரிமென்ட்ல வாடகைன்னு போட்டிருந்தது 14,000. அங்கிள் அட்வான்ஸைப் பழைய வாடகையிலயும் பெயின்டிங்கைப் புது வாடகையிலயும் கணக்கு போட்டிருந்தார். கெட்ட எண்ணம்னு சொல்ல மாட்டேன், அவர் மனசுல வாடகைன்னா 18,000ன்னு பதிஞ்சுபோச்சு. எடுத்துக் காட்டினேன், ஆன்ட்டி முகம் மாறிச்சு, அங்கிள் கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை படிச்சுட்டு 18,000த்தை அடிச்சு 14,000ன்னு எழுதினார். அப்படியே க்ளீனிங் 1,500ஐயும் கேட்டேன். ஃபுல்லா பெயின்ட் அடிக்கப்போற வீட்டை அதுக்கு முன்னாடி யாரு அங்கிள் காசு குடுத்து க்ளீன் பண்ணுவாங்கன்னு. சிரிச்சுட்டார். அதுவும் போச்சு. கடைசிக் கணக்கு 14,000, 2,400, 850, 300, ஆக 17,550 கழிவு. எனக்கு 1,22,450.

பெயின்டிங் விஷயத்துல நான் இப்ப வைக்கற வாதம் இதுதான். ஆறு வருஷம் ஒருத்தர் இருந்தா சுவர் மங்கத்தான் செய்யும், சட்டத்துலயும் சாதாரணத் தேய்மானம்னு அதை விட்டுடறாங்க. குழந்தை க்ரேயான்ல ஹால் முழுக்க கிறுக்கி வச்சா அது தேய்மானம் இல்ல. ஒரு வருஷத்துல காலி பண்றவர்கிட்டயும் முழு மாசம், பத்து வருஷம் இருந்தவர்கிட்டயும் முழு மாசம்னா அது பெயின்ட் செலவு இல்ல, வெளிய போற கட்டணம். நிறைய வீட்டுல பிடிச்ச காசுக்கு பெயின்டே அடிக்கறதில்ல, ஹால்ல மட்டும் ஒரு கோட்டிங் போட்டு முடிச்சுடுவாங்க, அடுத்தவர் போறப்ப அவர்கிட்டயும் ஒரு மாசம். அதனால முடிஞ்சா "நீங்க அடிச்சுட்டு பில் குடுங்க, அதைக் கழிச்சுக்கோங்க"ன்னு கேளுங்க, இல்ல நானே ஆள் வச்சு அடிச்சுக் குடுக்கறேன்னு சொல்லிப் பாருங்க. ரெண்டுல ஒண்ணு சொன்னதும் தொகை குறையறதை நான் ரெண்டு ஃப்ரெண்டு வீட்டுல பாத்திருக்கேன்.

ஈபியில ஒரு சின்ன சிக்கல், சின்னதுன்னாலும் சண்டை அதிகம் இதுலதான். தமிழ்நாட்டுல ரீடிங் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. முதல் 100 யூனிட் இலவசம், அதுக்கு மேல போகப் போக ரேட் ஏறும். நீங்க பில் சுத்துக்கு நடுவுல காலி பண்ணினா, உங்க யூனிட்டுக்கு எவ்வளவுன்னு துல்லியமா யாராலும் சொல்ல முடியாது, ஏன்னா மீதி நாள்ல அங்க எவ்வளவு ஓடுதுங்கறதைப் பொறுத்து ஸ்லாப் மாறும். ஓனர் பத்திரத்துக்கு ஒரு ரவுண்டு தொகை பிடிச்சு வச்சுப்பார். சாவி குடுக்கற அன்னைக்கு மீட்டரை போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, போன பில்லோட ரீடிங்கையும் சேத்து. அன்னைய யூனிட்டுக்கு ஆன்லைன்ல எவ்வளவு வருதோ அதைக் கட்டறேன்னு பேசிக்கலாம். அபார்ட்மென்ட்னா மெயின்டனன்ஸ் பாக்கி இல்லைன்னு அசோசியேஷன்லேர்ந்து ஒரு மெசேஜ் வாங்கி வைங்க, சில இடத்துல அது இல்லாம சாமான் வண்டியை கேட்டைத் தாண்ட விடமாட்டாங்க.

அடுத்து எல்லாரும் கேக்கற கேள்வி, கடைசி ரெண்டு மூணு மாசம் வாடகை குடுக்காம அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லலாமா. ஓனர் நம்பிக்கை இல்லாதவர்னா இதுதான் புத்திசாலித்தனமான வழின்னு தோணும். உண்மையில நிறைய ஓனருக்கும் இதுதான் சௌகர்யம், மொத்தமா லட்ச ரூபா புரட்டவேண்டியதில்ல. ஆனா அவர் ஒத்துக்காம நீங்களா நிறுத்தினா அது வாடகை பாக்கி, ரெண்டு மாசப் பாக்கி வந்து, அவர் நோட்டீஸ் விட்டும் கட்டலைன்னா காலி பண்ணச் சொல்ல சட்டமே இடம் குடுக்குது. நாமதான் காலி பண்ணப்போறோமே என்னன்னு நினைக்கலாம், ஆனா அப்புறம் கணக்கு பேசறப்ப தப்பு உங்க பக்கம் வந்துடும். அதனால வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ்: "அங்கிள், நாம பேசினபடி மே, ஜூன் வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க, மீதி இவ்வளவு." அவர் ஒரு சரி போட்டா போதும். பத்து மாச அட்வான்ஸ்ல மூணு மாசம் இப்படி உள்ளயே கரைச்சுட்டா வெளிய நிக்கற ரிஸ்க் அந்த அளவுக்குக் குறையுது.

சாவி பத்தி. பணம் வர்ற வரைக்கும் ஒரு சாவியை வச்சுக்கோன்னு பெரியவங்க சொல்வாங்க. ஒரு வாரம் பத்து நாள்னா சரி. அதுக்கு மேல வச்சிருந்தா வீடு இன்னும் உங்க கைல இருக்குன்னு வாடகை கேக்கலாம், அந்த ஒரு மாசக் கெடுவும் ஓடத் தொடங்காது. அதைவிட வேற ஒண்ணு நல்லா வேலை செய்யும். பணம் இல்லைன்னா தேதி போட்ட செக் வாங்கிக்கோங்க. என் அங்கிள் சாவி குடுத்த அன்னைக்கு 50,000 ஜிபே பண்ணார், மீதி 72,450க்கு ஆகஸ்ட் 31 தேதி போட்டு செக் குடுத்தார். செக் திரும்பினா அது கிரிமினல் வழக்கு வரைக்கும் போற விஷயம்: திரும்பின மெமோ வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ், அதுலேர்ந்து 15 நாளுக்குள்ள பணம் வரலைன்னா மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138ல கேஸ். வாய்வார்த்தையா அடுத்த ஆள் வரட்டும்னு சொல்றவர்கூட செக்ல கையெழுத்து போடறப்ப தேதியை யோசிச்சுத்தான் போடுவார்.

நிஜமாவே தரமாட்டேன்னு நிக்கறவங்க கதை வேற. போனை எடுக்க மாட்டாங்க, திடீர்னு லிஸ்ட்ல தரை டைல்ஸ் வெடிப்புன்னு 40,000 ஏறும். ஓனர் வெளிநாட்டுல இருப்பார், இங்க பாத்துக்கற மச்சான் "எனக்கு எதுவும் தெரியாது, அவர்கிட்ட கேளுங்க"ம்பார். வீடு கைமாறியிருந்தா பழைய ஓனர் புது ஓனரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார், இதுக்கு மருந்து ஒண்ணுதான், வீடு விக்கறாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கே அட்வான்ஸ் யார்கிட்ட இருக்குன்னு ரெண்டு பேர்கிட்டயும் எழுத்துல வாங்கறது. இப்படிப்பட்டவங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் முதல் படி, பல தடவை கடைசிப் படியும் அதுவே. அதுக்கு மேல போனா ரென்ட் அத்தாரிட்டி, ரென்ட் கோர்ட், அப்பீலுக்கு ரென்ட் டிரிபியூனல்னு புதுச் சட்டம் மூணு அடுக்கு வச்சிருக்கு, அத்தாரிட்டின்னா துணை கலெக்டர் ரேங்க்குக்குக் குறையாத அதிகாரி. ஆனா பதியாத ஒப்பந்தத்தோட அங்க போய் நின்னா முதல் கேள்வியே பதிவு நம்பர் எங்கன்னு வரும், நம்மள்ல பாதிப் பேருக்கு அங்கயே நாக்கு ஒட்டிக்கும். பணம் வசூல் பண்ணறதுக்கு மூணு வருஷம்தான் காலவரம்பு, அதனால "தர்றேன் தர்றேன்"னு இழுக்கறவர்கிட்ட மரியாதைக்காக வருஷக்கணக்கா பொறுத்துட்டு இருக்காதீங்க.

பணத்தை ஓனர் கையிலயே விடறதுதான் பிரச்சனையோட வேர்னு இங்கிலாந்துல ஒரு வழி பண்ணாங்க. 2007 ஏப்ரல்லேர்ந்து அங்க வாடகை டெபாசிட்டை அரசு அங்கீகரிச்ச பாதுகாப்புத் திட்டம் ஒண்ணுல பதிஞ்சே ஆகணும், சண்டை வந்தா அந்தத் திட்டமே பஞ்சாயத்து பண்ணி பணத்தைப் பிரிச்சுக் குடுக்கும். 2019லேர்ந்து வழக்கமான வீடுகளுக்கு அஞ்சு வார வாடகைக்கு மேல வாங்கவும் முடியாது. லண்டன்ல இருக்கற என் சித்தப்பா பையன்கிட்ட நம்ம ஊர் பத்து மாசக் கதையைச் சொன்னா முதல்ல நம்பல, வாரம்னு நினைச்சுட்டான். இங்க அதைக் கொண்டுவந்தா ஓனருக்கு அட்வான்ஸ்ல எந்த லாபமும் இருக்காது, அப்புறம் எதுக்கு பத்து மாசம் கேக்கப்போறாங்க, தானா ரெண்டு மாசத்துக்கு இறங்கிடும்னுதான் எனக்குத் தோணுது. ஆனா பென்ஷனை நம்பி மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கற அங்கிள் மாதிரி ஆளுங்க அதை எப்படி ஏத்துப்பாங்கன்னும் தோணுது. அவருக்கு அட்வான்ஸ்தான் அவசரத்துக்கு இருக்கற ஒரே கடன். மூணு மாச வாடகையும் ஈபியும் பாக்கி வச்சுட்டு ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணின குடும்பத்தையும் அவர் பாத்திருக்கார், அந்தக் கதையை எனக்கே நாலு தடவை சொல்லியிருக்கார்.

ஆவணி பொறந்து ஒரு வாரத்துல வீட்டுக்கு ஆள் வந்திச்சு. 21,000 வாடகை, ஆறு மாச அட்வான்ஸ், 1,26,000. அன்னைக்கு சாயங்காலமே அங்கிள் எனக்கு 72,450 அனுப்பிட்டு, செக்கை வந்து குடுத்துட்டுப் போன்னு போன் பண்ணார். போனேன். புதுசா வந்தவர் ஏணி போட்டு ஃபேன் மாட்டிட்டு இருந்தார், என் பேரைக் கேட்டதும் இறங்கி வந்து வாசல் வரைக்கும் கூடவே நடந்தார். குரலைத் தாழ்த்தி, "சார், ஓனர் எப்படி, போறப்ப அட்வான்ஸ் ஒழுங்கா குடுத்துடுவாரா?"ன்னு கேட்டார். அவரோட பணத்துல பாதிக்கு மேல என் போன்ல இருந்திச்சு. "நல்ல மனுஷன் சார்"ன்னேன். "கிச்சன் சுவத்துல ரெண்டு ஆணி இருக்கும், அதை மட்டும் இன்னைக்கே போட்டோ எடுத்து வச்சுக்கோங்க."